மீட்டர் கோலும் மாமனாரின் இங்கிலீஷும்

எங்கள் ஜவுளிக்கடையின் இரண்டாம் மாடியில், ஜன்னலோரமாக ஓர் இரும்பு மீட்டர் கோல் நிற்கிறது. ஒரு காலத்தில் ரவிக்கைத் துணியும் கட்பீஸும் அளந்து கிழித்த கோல். இப்போது ஒரு மர நாற்காலியின் முதுகோடு சேர்த்துச் சணல் கயிற்றால் கட்டப்பட்டிருக்கிறது. அதன் உச்சியில் ரப்பர் பேண்டு போட்டு இறுக்கிய செல்போன். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிற வாடிக்கையாளர்களுக்கு வீடியோ காலில் புடவை காட்டுவது அந்தப் போனில்தான். இதற்கென்றே நல்ல ஸ்டாண்டு ஒன்றை என் கணவர் வாங்கிவந்தார். அது பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. நான் வரவிடவில்லை என்பதுதான் உண்மை. கோல் லேசாக வலப்பக்கம் சாய்ந்திருக்கும். அதனால் எங்கள் கடைப் புடவைகளெல்லாம் உலகத்தின் கண்ணுக்குச் சற்றுச் சாய்வாகவே தெரிகின்றன. இதுவரை யாரும் அதற்காகப் புடவையைத் திருப்பி அனுப்பியதில்லை.

இந்தக் கோலைக் கட்டியவர் என் மாமனார். கடையில் எல்லோருக்கும் அண்ணாச்சி. தென்கோடியிலிருந்து இளவயதில் பஸ் ஏறி வந்து, பாண்டி பஜார் நடைபாதையில் கட்பீஸ் விற்று, பிறகு பனகல் பார்க் பக்கத்துச் சந்து ஒன்றில் மூன்று மாடிக் கடை எழுப்பியவர். நான் மயிலாப்பூரில், மாட வீதிக்குப் பின்னால் ஒரு முட்டுச்சந்தில் பிறந்து வளர்ந்தவள். அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். அவருடைய மகனும் நானும் எப்படிச் சந்தித்தோம் என்பது இங்கே வேண்டாம், அது எங்கள் இருவருக்குமே சலித்துப்போன கதை. ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டு கே.கே. நகர் வீட்டு வாசலில் போய் நின்றோம் என்பது போதும்.

மாமனார் கத்தவில்லை, கதவைச் சாத்தவில்லை. மாமியார் நாங்கள் கல்யாணம் செய்துகொள்வதற்கு முன்பே காலமாகியிருந்தார். ஆரத்தி எடுத்தது என் நாத்தனார். அது முடிகிறவரை மாமனார் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை. திட்டுகிறவரைச் சமாளித்துவிடலாம், திட்டுக்குப் பதில் திட்டு இருக்கிறது. பேசாதவரை என்ன செய்வது? நான் சமைத்ததைச் சாப்பிடுவார், மிச்சம் வைக்கமாட்டார். நான் கரண்டியும் கையுமாக எதிரே நிற்கும்போதே மகனிடம் சொல்வார்: “ஏல, கொழம்புல உப்பு கம்மின்னு வீட்ல சொல்லு.” ‘வீட்ல’ என்பது நான்தான். வீட்டுக்குள் நிற்கிற எனக்கு வீட்டில் சொல்லச் சொல்வார். என் கணவர் திரும்பி என்னிடம், “உப்பு கம்மியாம்,” என்பார். நான் அவரிடம், “நாளைக்குச் சரியாப் போடறேன்னு சொல்லுங்கோ,” என்பேன். பாவம், தபால்காரராகவே அந்த மனிதர் இளைத்துப்போனார்.

மயிலாப்பூரிலிருந்து என் அம்மா தினமும் போன் செய்து ஒரே கேள்வி கேட்பாள். “பேசினாரோடி?” இல்லை என்று சொல்லுவேன். “ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னா,” என்று சொல்லிவிட்டு, அடுத்த நாளும் அதையே கேட்பாள். அம்மாவிடம் அலட்டிக்கொள்ளாமல் பேசுவேனே தவிர, எனக்கு அது உள்ளுக்குள் அறுத்தது. அப்பா இல்லாமல் வளர்ந்தவள் நான். அந்த வீட்டுக்குப் போகும்போது எனக்கு இருந்த ஆசைகளில் மாமனார் என்று ஒருவர் இருப்பார் என்பதும் ஒன்று. என்னை ஏதாவது சொல்லி அவர் கூப்பிட வேண்டும். பேர் சொல்லி, உறவு சொல்லி, ஏட்டி என்று சொல்லி, எப்படியாவது. வேறொன்றும் நான் கேட்கவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் ஊரடங்கு வந்து போனது. மற்ற கடைகளைப் போல நாங்களும் வீடியோ காலில் விற்க ஆரம்பித்தோம். என் கணவரும் இங்கிலீஷ் பேசத் தெரிந்த ஒரு பெண்ணும் அதைப் பார்த்துக்கொண்டார்கள். மாமனார் கல்லாவில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் விற்பனைக்காரர். வேடிக்கை பார்க்க வந்தவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, குடிக்கக் கலர் வாங்கிக் கொடுத்து, புடவையைத் தன் தோள்மேலேயே போட்டுக் காட்டி, வாங்கவைத்து அனுப்புகிற மனிதர். ஒரு நாள் வீடியோவில் ஒரு வாடிக்கையாளர் ஏதோ கேட்க, பின்னாலிருந்து இவர் தமிழில் விளக்கம் சொல்லத் தொடங்க, என் கணவர் கையை லேசாக ஆட்டி, “அப்பா, ஒரு நிமிஷம்,” என்றார். அந்தக் கை ஆட்டல் அவருக்குத் தைத்துவிட்டது. அன்று சாயங்காலம் அவர் கடையிலிருந்து வீட்டுக்கு வந்தபோது, பழைய பேப்பரில் சுற்றி அந்த மீட்டர் கோலைக் கொண்டுவந்தார். கையில் கோல் இருந்தால்தான் அவருக்கு மூளை வேலை செய்யும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

மறுநாள் காலை, காபி குடித்தானதும், சாப்பாட்டு மேஜையில் நான் பள்ளிக்கூடத்துக் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். எதிரே வந்து உட்கார்ந்தார். தமிழ்ப் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “இந்த ‘லுக்’குங்காங்க. அதுக்குப் பின்னால ‘அட்’டுங்காங்க, ‘ஃபார்’ங்காங்க, ‘ஆஃப்டர்’ங்காங்க. தெரிஞ்சவுக சொன்னா கேட்டுக்கிடலாம்.”

வீட்டில் எங்கள் இருவரைத் தவிர யாருமில்லை. தெரிந்தவர் நான்தான் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் என்னைக் கேட்கவில்லை, பேப்பரைக் கேட்டார். நானும் லேசுப்பட்டவள் இல்லை. சிவப்புப் பேனாவைக் கீழே வைக்காமல், என் முன்னால் இருந்த கட்டுரையைப் பார்த்துச் சொன்னேன்: “லுக் அட்னா ஒண்ணைப் பார்க்கிறது. லுக் ஃபார்னா தேடறது. லுக் ஆஃப்டர்னா கவனிச்சுக்கறது. தெரியாதவா கேட்டா இப்படித்தான் சொல்லணும்.” விடாக்கண்டனும் கொடாக்கண்டனும் ஒரு மேஜைக்கு அந்தப்புறமும் இந்தப்புறமும் உட்கார்ந்து, இப்படித்தான் எங்கள் பாடம் தொடங்கியது.

இன் என்றால் உள்ளே, ஆன் என்றால் மேலே, அண்டர் என்றால் கீழே. இதெல்லாம் அவருக்கு ஒரே நாளில் வந்துவிட்டது. கோலை மேஜைமேல் வைப்பார், கீழே வைப்பார், இரண்டு டம்ளர்களுக்கு நடுவே வைப்பார். இந்தச் சொற்கள் ஒரு வினைச்சொல்லுக்குப் பின்னால் போய் நின்றதும்தான் வம்பு. லுக் ஆஃப்டர் அவரைப் படாதபாடு படுத்தியது. “ஆஃப்டர்னா பின்னால. லுக்குன்னா பாக்கது. பின்னாலயே பாத்துக்கிட்டுப் போறது. எங்க கடையில அப்படிப் போனா, கஸ்டமரு சேலையைப் பைக்குள்ள திணிக்காளான்னு சந்தேகப்பட்டுப் போறதுன்னு அர்த்தம். அது எப்படி அன்பாக் கவனிக்கிறதாகும்?” என்று பேப்பரை மிரட்டினார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அந்த வீட்டில் நான் சத்தமாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை. பேப்பரின் மேல்விளிம்புக்கு மேலே அவருடைய நெற்றி மட்டும் தெரிந்தது. அது கொஞ்சம் அசைந்தது. சிரித்தாரா என்று இன்றுவரை தெரியாது.

இன்னொரு தொல்லையும் இருந்தது. வாடிக்கையாளரிடம் மொட்டையாக ‘லுக்’ என்று சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை. கடைக்கு வருகிற சின்னப் பெண்ணைக்கூட வாங்க, உக்காருங்க, பாருங்க என்று சொல்லிப் பழகியவர். “வந்தவுகளைப் பார்த்து, ‘பாரு’ன்னு சொன்னா எந்திரிச்சுப் போயிர மாட்டாகளா?” என்று கேட்டார். இங்கிலீஷில் அது மரியாதைக் குறைவு இல்லை என்று எவ்வளவோ சொன்னேன். ப்ளீஸ் போட்டுக்கொள்ளலாம் என்றேன். ப்ளீஸ் என்பது கெஞ்சுகிற மாதிரி இருக்கிறதாம், விற்கிறவன் கெஞ்சக் கூடாதாம். கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். “லுக் அட் திஸ்ங்க. வெயிட் ஃபார் டூ மினிட்ஸ்ங்க.” எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு ‘ங்க’. நான் எத்தனை தடவை வெட்டினாலும் மறுநாள் காலை அது மறுபடி முளைத்திருக்கும். முகம் தெரியாத வாடிக்கையாளருக்கெல்லாம் இத்தனை மரியாதை தேடுகிற மனிதர், எதிரே உட்கார்ந்திருக்கிற என்னைக் கூப்பிட ஒரு சொல் தேடவில்லையே என்று சில நாள் ஆத்திரமாக வரும். கட்டுரைகளில் பிள்ளைகளுக்கு மார்க்கைக் குறைத்துப் போட்டுவிடுவேன்.

வினைச்சொல்லோடு அதற்குரிய சொல்தான் வரும், இஷ்டத்துக்கு மாற்ற முடியாது என்பதை அவருக்குப் புரியவைக்க நான் பள்ளிக்கூடத்தில் சொல்லும் உதாரணங்களையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் ஏறவில்லை. ஒரு நாள் பல் குச்சியும் வாயுமாக உட்கார்ந்திருந்தவர், திடீரென்று, “இது ரவிக்கைத்துணி ஒட்டுன சேலை!” என்றார். “சேலையோடயே நெய்ஞ்சு வந்திருக்கு. இந்தச் சேலைத் துணியை வெட்டி அந்தச் சேலைக்குத் தைக்கக் கூடாது. அம்புட்டுத்தான? இதைச் சொல்ல இம்புட்டு நாளா?” அதற்குப் பிறகு பாடம் வேகம் பிடித்தது. ஒரு சொல்லைச் சொன்னால், “இதுக்கு என்ன ரவிக்கை?” என்று பேப்பரைக் கேட்பார். “டிபெண்டுக்கு ஆன்,” என்று நான் கட்டுரையிடம் சொல்வேன்.

இதற்கு நடுவில் ஒரு நாள், பேசிக்காட்டும்போது, பேப்பரைக் கொஞ்சம் தாழ்த்தி, “யூ லுக் அட் தி பார்டர்ங்க,” என்றார். கண் என் பக்கம் இருந்தது. நான் மூச்சுவிடாமல் மயிலாப்பூருக்குப் போன் போட்டேன். “அம்மா, இன்னிக்கு என்னைப் பார்த்து ‘யூ’ன்னார்.” அம்மா கொஞ்சமும் அசையவில்லை. “அது அந்த பாஷைல நாய் பூனைக்குக்கூடச் சொல்றதுதானேடி. கணக்குல சேராது. கூப்ட்டாரான்னு கேட்டேன்.” அம்மா சொன்னது நியாயமாகத்தான் பட்டது. வாடிக்கையாளருக்காக ஒத்திகை பார்த்த வாக்கியம் அது. நான் அதில் வெறும் பொம்மை.

இரண்டாம் மாடியில் வீடியோவுக்கென்று ஒரு மூலையை ஒதுக்கி, திரை கட்டி, விளக்குப் போட்டு, அங்கே தானே நின்று விற்பதென்று மாமனார் முடிவு செய்தார். தைரியம் வந்துவிட்டது. அவருக்கு அது புதுக்கடை திறக்கிற மாதிரி. அவர்கள் குடும்பத்தில் புதுக்கடையோ புது மாடியோ எது திறந்தாலும் முதல் விற்பனை, அதாவது போணி, வீட்டுப் பெண்ணின் கையால் நடக்க வேண்டும். அலமாரியிலிருந்து முதல் புடவையை எடுத்து விரிப்பது அவள்தான். நடைபாதைக் கடையில் அவருடைய அம்மா கட்பீஸ் எடுத்துக் கொடுத்தாராம். கட்டடம் வந்தபோது மாமியார். இரண்டாம் மாடிக்கு நாத்தனார். வீட்டுக்காரி கை படாத வியாபாரம் நிலைக்காது என்பது அவர்கள் நம்பிக்கை. இந்தத் தடவையும் நாத்தனார் ஊரிலிருந்து வந்துவிட்டார். தலைகுளித்து, பூ வைத்து, பட்டுக் கட்டிக்கொண்டு தயாராக நின்றார். நல்ல மனுஷி, எனக்கு அவர்மேல் எந்தக் குறையும் இல்லை. நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். மாணவன் முதல் பரீட்சை எழுதும்போது டீச்சர் வாசலில் நிற்பதில்லையா, அதுபோலச் சுவரோரமாக நின்றேன்.

நல்ல நேரம் பார்த்து, கற்பூரம் காட்டியாயிற்று. கோலை நாற்காலியில் கட்டி, போனை இறுக்கினார். சொல்லிவைத்திருந்த வாடிக்கையாளர் அழைத்தார். போன் மணி அடிக்க ஆரம்பித்தது. மாமனார் அதை எடுக்கவில்லை. அலமாரியைப் பார்த்துக்கொண்டு, “போணிக்கு வீட்டுப் பொம்பளை கை வேணும்லா,” என்றார். நாத்தனார் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். “நீ இல்லட்டி, நீ அங்கன நில்லு,” என்றார் மாமனார். நாத்தனார் நின்றுவிட்டார். கடையே நின்றுவிட்டது. மாமனார் மறுபடியும் அலமாரியிடம் பேசினார். “வீட்ல உள்ளவுக வந்து எடுத்துக் குடுக்கலாம்.”

எனக்குப் புரியாமல் இல்லை. பக்கத்தில் நின்ற, பில் கவுண்டரைப் பார்த்துக்கொள்ளும் அக்கா, சைதாப்பேட்டைக்காரர், என்னை முழங்கையால் இடித்தார். “இன்னாக்கா, அண்ணாச்சி உன்னத்தான் சொல்லிக்கினு கீறாரு. நீ இன்னாடான்னா செலையாட்டம் நிக்கிற. போயேன்.” நான் அசையவில்லை. திமிர் என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். உப்புக்கும் காபிக்கும் மகனோடு பேசினார், பொறுத்துக்கொண்டேன். பாடத்துக்குப் பேப்பரோடு பேசினார், பொறுத்துக்கொண்டேன். ஆனால் வீட்டுக்காரியாக என்னை நிறுத்துகிற இடத்திலும் அலமாரியோடு பேசினால் எப்படி? வேண்டுமானால் கூப்பிடட்டும். போன் அடித்து ஓய்ந்தது. நாத்தனார் ‘ஐயோ’ என்றார். முதல் அழைப்பே எடுக்காமல் ஓய்வது நல்ல சகுனமா? என் கணவர் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார். மறுபடியும் போன் அடித்தது.

மாமனார் திரும்பினார். பேப்பர் இல்லாமல், அலமாரி இல்லாமல், நேரே என் முகத்தைப் பார்த்தார். அவர் கண்கள் இவ்வளவு சின்னவை என்று அப்போதுதான் கவனித்தேன். வியர்த்திருந்தது. அவருக்கும் பயமாக இருந்திருக்கிறது, இங்கிலீஷை நினைத்து மட்டுமல்ல.

“எம்மா,” என்றார். “வாம்மா. நீ வந்து எடுத்தாத்தான் எனக்கு வாய் வரும்.”

என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ நாள் யோசித்து வைத்திருந்தேன். அதற்குள் கால் நடந்துவிட்டது. அலமாரியிலிருந்து ஒரு அரக்குப் பட்டுப் புடவையை எடுத்து விரித்து, என் தோள்மேல் போட்டுக்கொண்டேன். மாமனார் போனை எடுத்தார். “குட் மார்னிங்ங்க. வாட் ஆர் யூ லுக்கிங் ஃபார்ங்க?” தேடுவதற்குரிய ரவிக்கை சரியாக ஒட்டியிருந்தது. அதற்குப் பிறகு பார்டரைப் பார்க்கச் சொன்ன இடத்தில் ஒரு தப்பு ரவிக்கை, கலர் வீட்டு வெளிச்சத்தைப் பொறுத்தது என்று சொன்ன இடத்தில் இன்னொன்று என்று தாறுமாறாக ஒட்டிவிட்டார். திருத்துகிற நிலையில் நான் இல்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு, போனில் தெரிகிற என் முகமே எனக்குக் கலங்கலாகத் தெரிந்தது. அந்தம்மாவுக்கு அரக்குப் பட்டு பிடிக்கவில்லை. கடைசியில் ஒரு கிளிப்பச்சையை எடுத்தார். போனை வைத்ததும் மாமனார் எல்லோருக்கும் கலர் வாங்கிவரச் சொன்னார். முதல் பாட்டிலைத் தன் கையாலேயே என்னிடம் நீட்டி, “குடிம்மா, இம்புட்டு நேரம் சேலையைச் சொமந்துக்கிட்டு நின்னியே,” என்றார்.

சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்தேன். “கூப்ட்டார்மா.” “என்னன்னு?” “எம்மான்னு.” அம்மா மூக்கை உறிஞ்சிவிட்டு, “சரி, சாப்ட்டியோ?” என்றாள். அதற்குப் பிறகு அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. வேறு கேள்விகள் கண்டுபிடித்துக்கொண்டாள்.

மடை திறந்த பிறகு மாமனார் நிறுத்தவேயில்லை. கொத்தமல்லி விலை, மழை, மகனுடைய விவரமின்மை, அவருடைய அம்மா வைக்கும் புளிக்கறி எல்லாவற்றையும் என்னிடம்தான் சொல்லியாக வேண்டும். பேசாத காலமே நிம்மதியாக இருந்தது என்று கணவரிடம் அலுத்துக்கொள்வேன். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டுக் கடைக்கே வந்துவிட்டேன், அதுவும் அவருடைய நச்சரிப்புதான். காலைப் பாடம் மட்டும் நிற்கவில்லை. பேப்பர் நடுவிலிருந்து விலகி, மேஜையோரம் மடித்து வைத்த நிலைக்குப் போயிற்று. கடைசிவரை அந்த ‘ங்க’வை அவர் விடவில்லை. எங்கோ குளிர்நாட்டில் பிறந்து வளர்ந்த பெண்கள் சிலர் அதைப் பிடித்துக்கொண்டு, “தாங்க் யூங்க, அண்ணாச்சி,” என்று சொல்லிப் போனை வைப்பார்கள். அவர்களுக்கு அது எந்தப் பாடத்திலும் வராத இங்கிலீஷ்.

போன வருஷம் அவர் போய்விட்டார். அதிகம் படுத்தவில்லை, கொஞ்ச நாள்தான் படுக்கை. மருந்து கொடுக்கப் போனால் கண்ணைத் திறக்காமலே, “லுக் ஆஃப்டர்,” என்பார். சந்தேகப்பட்டுப் பின்னாலேயே போகிறதா, அன்பாகக் கவனிக்கிறதா என்று கேட்டால், “ரெண்டுந்தாம்மா,” என்று சொல்லிவிட்டு மாத்திரையை விழுங்குவார்.

இப்போது இரண்டாம் மாடியில் நான்தான் விற்கிறேன். இங்கிலீஷ் எனக்குத் தகராறில்லை, புடவை மடிப்பதுதான் இன்னும் சரியாக வரவில்லை. முன்பெல்லாம் தினமும் காலையில் முதல் போன் அடித்ததும், நான் எந்த மூலையில் இருந்தாலும், “எம்மா!” என்று ஒரு குரல் மாடி முழுக்கக் கேட்கும். அப்புறம்தான் நான் அலமாரிப் பக்கம் போவேன். இன்றைக்குக் காலையிலும் சாய்ந்த கோலின் உச்சியில் போன் அடித்தது. எடுக்க வேண்டியவளும் நான், விற்க வேண்டியவளும் நான். கவுண்டர் அக்கா என் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் பழகிவிட்டது, இப்போதெல்லாம் முழங்கையால் இடிப்பதில்லை. கூப்பிடட்டும் என்று கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போனேன்.